சில்லுக்குள் அமையும் ரேடியோ அலையியற்றியின் இசைவுப் பரப்பை விரிவாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கிய நாள் முதல், சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதுமே பினாங்கில் நம்மவர் கைக்கு முதலில் வந்த வேலைகளாக இருந்தன. வடிவமைப்பு வேலை பின்னால் வந்தது. நானும் சோதனை மேசையில் சில ஆண்டுகள் நின்ற பிறகே வடிவமைப்புக்கு மாறியவன். அந்த மேசையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓர் அலையியற்றி எதிர்பார்த்த பரப்பை, அதாவது அது தர வேண்டிய அதிர்வெண்களின் எல்லையை, எட்டாமல் போகும்போது, பெரும்பாலும் அதன் அடி அதிர்வெண் சரியாகவே இருக்கும். குறைபடுவது உச்சி அதிர்வெண்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கவனிப்பின் மேல் நிற்கிறது. மாறும் மின்தேக்கிகளைச் சேர்த்துக்கொண்டே போவதால் பரப்பு விரிவதில்லை, மாறாத மின்தேக்குத்திறனை ஒவ்வொரு ஃபெம்டோஃபாரட்டாகக் (பிக்கோஃபாரட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைப்பதால்தான் விரிகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

இங்கே எடுத்துக்கொள்வது மின்தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட ஒத்ததிர்வுச் சுற்றும், அதன் இழப்பை ஈடுகட்டும் குறுக்கிணைப்பு டிரான்சிஸ்டர் இணையும் கொண்ட, பிஎல்எல்லுக்குள் (அதிர்வெண்ணை ஒரு மேற்கோள் அதிர்வெண்ணோடு பூட்டிவைக்கும் வளையம்) வைக்கப்படும் விசிஓ, அதாவது மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் அலையியற்றி. வளைய அலையியற்றிகள் எளிதாகவே பெரும் பரப்பைத் தரும் என்றாலும், அவற்றின் கட்ட இரைச்சல் (அலையின் கட்டத்தில் தோன்றும் சிறு நடுக்கம்) ரேடியோ வேலைக்கு ஒத்துவராது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதற்படி: இலக்கை எழுதுங்கள், பிறகு அதை அகலப்படுத்துங்கள்

அடி அதிர்வெண்ணின் இரு மடங்கு வரை உச்சி சென்றால், அதாவது ஓர் ஆக்டேவ் கிடைத்தால், இரண்டால் வகுக்கும் சுற்றுகளை அடுத்தடுத்து வைத்து அதற்குக் கீழே உள்ள எல்லா அதிர்வெண்களையும் இடைவெளியின்றி உருவாக்கலாம். 3 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் ஒரே விசிஓவிலிருந்து, மலேசியாவின் 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸை நேராகவும், 700 மெகாஹெர்ட்ஸை 5.6 கிகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்தும், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸை 4.8 கிகாஹெர்ட்ஸை இரண்டால் வகுத்தும் பெறலாம். அனுப்பும் அதிர்வெண்ணும் விசிஓவின் அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால் திறன் பெருக்கி விசிஓவைத் தன்பக்கம் இழுக்கும். ஆகவே முடிந்த இடங்களில் வகுத்து எடுப்பதே நல்லது.

ஆனால் 3 முதல் 6 என்பது வாடிக்கையாளர் கேட்பது. நீங்கள் வடிவமைக்க வேண்டியது அதைவிட அகலமானது. உலோக மின்தேக்கிகளின் மதிப்பு உற்பத்தியில் 10 சதவீதம் மாறினால் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம் மாறும், ஏனெனில் அதிர்வெண் மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமானது. இரு புறமும் அந்த 5 சதவீதத்தைச் சேர்த்தால் இலக்கு 2.85 முதல் 6.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஆகிறது. அதிர்வெண் விகிதம் 2-லிருந்து 2.21-ஆகத்தான் கூடுகிறது, ஆனால் தேவைப்படும் மின்தேக்குத்திறன் விகிதம் 4-லிருந்து 4.9-ஆக ஏறுகிறது. இந்த வர்க்கம் செய்யும் வேலையைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காதவர்கள் பின்னால் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: மின்தேக்குத்திறனுக்கு ஒரு கணக்கேடு தொடங்குங்கள்

மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் போல, ஒத்ததிர்வுச் சுற்றில் தொங்கும் ஒவ்வொரு ஃபெம்டோஃபாரட்டையும் அதன் பெயரோடு ஒரு வரியில் எழுதுங்கள். சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எடுத்துக்காட்டாக 1 நானோஹென்றி மின்தூண்டியை வைத்துக்கொள்வோம். 6.3 கிகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 638 ஃபெம்டோஃபாரட் மட்டுமே இருக்கலாம், 2.85 கிகாஹெர்ட்ஸுக்கு 3119 ஃபெம்டோஃபாரட் இருக்க வேண்டும். இப்போது மாறாதவற்றை எழுதுவோம். குறுக்கிணைப்பு இணைக்கு 110, வெளியீட்டு பஃபருக்கு 40, மின்தூண்டியின் சொந்த ஒட்டுண்ணிக்கு (வேண்டாமலே ஒட்டிக்கொண்டு வரும் தேக்குத்திறனுக்கு) 50, இணைப்புக் கம்பிகளுக்கு 70 எனக் கொண்டால் மாறாதது 270. வராக்டர் (மின்னழுத்தத்தால் மதிப்பு மாறும் மின்தேக்கி) 80 முதல் 240 வரை மாறுவதாக வைத்தால், அதன் குறைந்தபட்ச 80-உம் உச்சி அதிர்வெண்ணில் மாறாத சுமையாகவே நிற்கும். மீதமுள்ளதே சுவிட்ச் மின்தேக்கி வரிசைக்குரியது. எல்லா சுவிட்சுகளும் அணைந்திருக்கும்போது அந்த வரிசை 288-க்கு மேல் காட்டக் கூடாது. எல்லாம் இயங்கும்போது 2609 தர வேண்டும். அதாவது வெளியே 4.9 ஆகத் தெரிந்த விகிதம், வரிசையின் தோளில் இறங்கும்போது 9.1 ஆகிவிடுகிறது.

அந்த 9.1-க்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: சுவிட்ச் மின்தேக்கி வரிசையின் விலையை அறியுங்கள்

வரிசையின் ஓர் அலகு என்பது ஒரு மின்தேக்கியும் அதனோடு தொடராக ஒரு சுவிட்சும். சுவிட்ச் இயங்கும்போது அதன் மின்தடை இழப்பைத் தருகிறது. அணைந்திருக்கும்போது அதன் ஒட்டுண்ணி மின்தேக்குத்திறன் முழுமையாக விலக மறுக்கிறது. சுவிட்சைப் பெரிதாக்கினால் மின்தடை குறையும், ஒட்டுண்ணி கூடும், சிறிதாக்கினால் நேர்மாறு. இந்த இழுபறியை ஒரே வரியில் எழுதிவிடலாம்: இயங்கும் நிலையில் அலகின் தரக்காரணியை (இழப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண்ணை), விகிதத்திலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது, ஒன்றைக் கோண அதிர்வெண்ணாலும் சுவிட்சின் மின்தடையாலும் அதன் ஒட்டுண்ணித் தேக்குத்திறனாலும் வகுத்தால் வரும் மதிப்பு. கடைசி இரண்டின் பெருக்கம் உங்கள் ஃபவுண்டரியின் (சில்லை உற்பத்தி செய்யும் ஆலையின்) தொழில்நுட்பத்தைப் பொறுத்தது. சுவிட்சின் அகலத்தை மாற்றி அதை மாற்ற முடியாது.

அந்தப் பெருக்கம் 0.6 பிக்கோநொடி என்று வைத்துக்கொள்வோம். 2.85 கிகாஹெர்ட்ஸில் வலப்பக்கம் 93 ஆகிறது. விகிதம் 9.1 வேண்டுமென்றால் வரிசையின் தரக்காரணி 11.5 மட்டுமே. இப்போது கணக்கேட்டுக்குத் திரும்பி இரண்டு வரிகளை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வராக்டரைப் பாதியாக்கி 40 முதல் 120 ஆக வைத்தால் தரக்காரணி 12.7 ஆகிறது. கம்பிகளின் 70-ஐ 30-ஆகக் குறைத்தால் 14.3 ஆகிறது. வரிசையில் எதையும் தொடாமல், மாறாதவற்றில் 80 ஃபெம்டோஃபாரட்டை நீக்கியதற்கே இந்தப் பலன்.

இதே சூத்திரம், 30 கிகாஹெர்ட்ஸில் ஏன் இந்த முறை தடுமாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. அங்கே வலப்பக்கம் 8.8 ஆகக் குறைகிறது. விகிதம் வெறும் 2 கேட்டாலும் தரக்காரணி 8.8-ஐத் தாண்டாது.

சுவிட்சை அமைக்கும் விதத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. இரு புறமும் தனித்தனியாகத் தரைக்கு இழுக்கும் சுவிட்சுகளுக்குப் பதிலாக, இரு மின்தேக்கிகளுக்கும் நடுவே ஒரே சுவிட்சை வையுங்கள். சமச்சீர் மின்னோட்டம் அதன் வழியாகவே போய்விடுவதால் அதே அகலத்தில் இழப்பு குறைகிறது. அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் இயங்கும்போது தரை மட்டத்தில் பிடித்துவைக்க இரண்டு மிகச் சிறிய டிரான்சிஸ்டர்கள் போதும். அணைந்திருக்கும்போது இந்த முனைகளை மிதக்க விடாதீர்கள். மிதந்தால் அலைவின் கீழ்ப்பாதியில் முனை தரைக்குக் கீழே இறங்கி, சந்தி டையோடை முன்னோக்கு நிலைக்குத் தள்ளி, அணைந்ததாக நாம் நினைக்கும் அலகை அரைகுறையாக இயக்கிவிடும். பெரிய மின்தடைகள் வழியாக இரு முனைகளையும் மின்வழங்கல் மட்டத்துக்கு ஏற்றிவைத்தால் இந்தத் தொல்லை நீங்குவதோடு, சந்தியின் பின்னோக்கு மின்னழுத்தம் கூடுவதால் ஒட்டுண்ணியும் சற்றுக் குறையும். இந்த ஒரு மாற்றம் உச்சி அதிர்வெண்ணை மேலே தூக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: மின்தூண்டியைச் சிறிதாக்கிப் பாருங்கள்

மின்தூண்டல் எண்ணைக் குறைத்தால் மொத்த மின்தேக்குத்திறன் அதே விகிதத்தில் கூடுகிறது. பஃபர், கம்பி போன்றவை அப்படியே இருப்பதால் அவற்றின் பங்கு சுருங்குகிறது. 1 நானோஹென்றியை 0.7 ஆக்கினால் உச்சியில் 912, அடியில் 4455 ஃபெம்டோஃபாரட் தேவை. டிரான்சிஸ்டர் இணை 157 ஆகப் பெருக்க வேண்டியிருக்கும். பஃபர் 40, மின்தூண்டி 40, கம்பி 30, வராக்டர் 57 முதல் 171. வரிசைக்கு மீதமாவது 588 முதல் 4017 வரை, விகிதம் 6.8, தரக்காரணி 16. கட்ட இரைச்சலும் இதனால் மேம்படும். விலை, மின்னோட்டம் ஏறத்தாழ 1.4 மடங்கு கூடுவது.

இதே வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், மின்தூண்டியை வரிசையோடு இணைக்கும் கம்பிகளின் சொந்த மின்தூண்டல் கண்ணை உறுத்தும் வரை போகலாம் என்பேன். 700 பிக்கோஹென்றியில் 50 பிக்கோஹென்றி கம்பி என்றால் அது 7 சதவீதம். அதிர்வெண்ணில் சுமார் 3.5 சதவீதம். முதற்படியில் ஒதுக்கிய 5 சதவீதத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

ஐந்தாம் படி: தொடக்க நிபந்தனையை அடி அதிர்வெண்ணில் சரிபாருங்கள்

புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் அதிர்வெண் கூடக் கூட அலைவைத் தொடங்குவது கடினம் என நினைக்கிறார்கள். இந்த வகை அகன்ற விசிஓவில் நிலைமை தலைகீழ். 2.85 கிகாஹெர்ட்ஸில் 0.7 நானோஹென்றியின் எதிர்வினை 12.5 ஓம், மின்தூண்டியின் தரக்காரணி 10, வரிசையுடையது 16, மொத்தத் தேக்குத்திறனில் வரிசையின் பங்கு சுமார் 90 சதவீதம் எனில் மொத்தத் தரக்காரணி 6.4, இணை மின்தடை (சுற்றின் இழப்பு முழுவதையும் பக்க இணைப்பிலுள்ள ஒரே மின்தடையாகக் காட்டும் மதிப்பு; இது குறைந்தால் அலைவைத் தொடங்குவது கடினம்) 80 ஓம் மட்டுமே. 6.3 கிகாஹெர்ட்ஸில் எதிர்வினை 27.7 ஓம், சுவிட்சுகள் அணைந்திருப்பதால் மொத்தத் தரக்காரணி 15 என்று கொண்டால் இணை மின்தடை 415 ஓம். ஐந்து மடங்குக்கும் மேலான வேறுபாடு.

அடியில் அலைவு தொடங்க ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் கடத்துபெருக்கம் (உள்ளீட்டு மின்னழுத்த மாற்றத்துக்கு வெளியீட்டு மின்னோட்டம் மாறும் அளவு) குறைந்தது 25 மில்லிசீமென்ஸ் இருக்க வேண்டும். வெப்பநிலையும் உற்பத்தி மாறுபாடும் கருதி அதை 50 என வைப்பது நல்லது. இங்கேதான் இந்த வடிவமைப்பின் உள்முரண் இருக்கிறது. டிரான்சிஸ்டரின் அளவைத் தீர்மானிப்பது அடி அதிர்வெண். அந்த அளவின் ஒட்டுண்ணியால் அடிபடுவது உச்சி அதிர்வெண். ஆகவே வரிசையின் தரக்காரணியில் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி, அந்த வழியில் மறுபடியும் கணக்கேட்டில் வரவாகச் சேர்கிறது. இந்தச் சுழற்சியை இரண்டு மூன்று முறை சுற்றிவந்தால்தான் எண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளும்.

மின்னோட்டம் மாறாமல் இருந்தால் உச்சியில் அலைவின் வீச்சு ஐந்து மடங்கு வரை பெருக முயன்று, டிரான்சிஸ்டர்களைத் தாங்கும் எல்லைக்குத் தள்ளும். எனவே வால் மின்னோட்டத்தை (டிரான்சிஸ்டர் இணைக்குப் பொதுவாக ஊட்டும் மின்னோட்டத்தை) சில படிகளில் மாற்றும்படி அமைத்து, அதிர்வெண் குறியீட்டோடு (வரிசையில் எந்தச் சுவிட்சுகள் இயங்க வேண்டும் என்று சொல்லும் எண்ணோடு) அதையும் பிணைத்துவிடுங்கள். என்மாஸ், பிமாஸ் என்னும் இரு டிரான்சிஸ்டர் வகைகளையும் கொண்ட நிரப்பு அமைப்பு அதே மின்னோட்டத்தில் இரு மடங்கு வீச்சைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் பிமாஸ் இணை கொண்டுவரும் கூடுதல் ஒட்டுண்ணி பரப்பைச் சுருக்கும். ஆக்டேவ் இலக்குக்கு நான் என்மாஸ் மட்டுமே கொண்ட அமைப்பையே தேர்வேன்.

ஆறாம் படி: வராக்டரைச் சிறிதாக வைத்து, குறியீடுகளை நெருக்கமாக்குங்கள்

வராக்டரின் வேலை பரப்பைத் தருவதன்று. இரு குறியீடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்புவது மட்டுமே. மேலே சொன்ன வரிசையின் 3429 ஃபெம்டோஃபாரட் மாற்றத்தை 7 பிட்டாகப் பிரித்தால் ஒரு படி 27 ஃபெம்டோஃபாரட். வராக்டரின் மாற்றம் 114. அதில் சார்ஜ் பம்ப் (பிஎல்எல்லில் வராக்டரின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுற்று) வசதியாக இயங்கும் மின்னழுத்த எல்லைக்குள் மூன்றில் இரு பங்கு பயன்படும் என்றாலும் சுமார் 75 கிடைக்கிறது. ஒரு படியை இரண்டரை மடங்குக்கு மேல் மூடுவதால், பூட்டிய பிறகு வெப்பநிலை மாறினாலும் பிஎல்எல் குறியீட்டை மாற்ற வேண்டிய தேவை எழாது. 6 பிட்டில் ஒரு படி 54 ஆகிவிடும். அந்த மேற்பொருத்தம் எனக்குப் போதாது.

மேல் பிட்டுகளை இருமமாக வைக்காமல், ஒவ்வொன்றாகச் சேரும் சம அலகுகளாக வையுங்கள். 63-லிருந்து 64-க்குத் தாவும்போது எல்லாச் சிறு அலகுகளும் அணைந்து ஒரு பெரிய அலகு இயங்குவதில்தான் பொருத்தப் பிழை பெரிதாகி, அதிர்வெண்ணில் மூடப்படாத ஓட்டை உருவாகிறது.

மின்னழுத்தத்துக்கு அதிர்வெண் காட்டும் உணர்வு, அதே வராக்டருக்கு, அதிர்வெண்ணின் மூன்றாம் அடுக்கில் ஏறும். நம் எடுத்துக்காட்டில் முழு வராக்டரும் அடியில் 36 மெகாஹெர்ட்ஸை நகர்த்துகிறது. உச்சியில் 360 மெகாஹெர்ட்ஸை. பிஎல்எல்லின் அலையகலம் பத்து மடங்கு மாறுவதை எந்த வளைய வடிகட்டியும் தாங்காது. சார்ஜ் பம்ப் மின்னோட்டத்தைக் குறியீட்டோடு சேர்த்து மாற்றுவது ஒரு வழி. வராக்டரையே சில துண்டுகளாக்கி, அதிர்வெண் குறையக் குறையக் கூடுதல் துண்டுகளை இணைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி உச்சியில் இரைச்சலையும் குறைக்கும் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஏழாம் படி: லேஅவுட்டில் கணக்கேட்டைக் காப்பாற்றுங்கள்

என் முதல் விசிஓ 6.2 கிகாஹெர்ட்ஸ் உச்சியைத் தொட வேண்டும். சோதனை மேசையில் 5.8-இல் நின்றுவிட்டது. திரையில் அந்தக் கூர்முனை அசையாமல் நிற்பதைப் பார்த்த மூத்த பொறியாளர் ஒருவர், "தம்பி, கணக்குல எந்தக் கம்பிய விட்டுட்டே?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு பெருநிலத்தில் உள்ள பிறை நகருக்குத் திரும்பும் வழியில், பினாங்குப் பாலத்தின் மேலேயே மனத்தில் கணக்குப் போட்டேன். 6.2-ஐ 5.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.14, உச்சியில் இருந்த 650 ஃபெம்டோஃபாரட்டில் 14 சதவீதம் என்றால் 90-க்குச் சற்று மேல். மறுநாள் லேஅவுட்டைத் திறந்தபோது அது கண்ணெதிரே கிடந்தது. வரிசையை மின்தூண்டியோடு இணைத்த இரண்டு அகன்ற மேல் உலோகக் கம்பிகளும் தரைக் கவசத்துக்கு மேலாக ஓடின. வரிசைக்கும் டிரான்சிஸ்டர் இணைக்கும் தனித்தனியாக ஒட்டுண்ணிப் பிரித்தெடுப்பு (சில்லின் வரைபடமான லேஅவுட்டிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கணக்கிட்டு எடுப்பது) நடத்தியிருந்தேன். இரண்டையும் சேர்க்கும் அந்தக் கம்பிகள் எந்தக் கோப்பிலும் இல்லை.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள் இவை. மின்தூண்டியின் முனையிலிருந்து வரிசையின் கடைசி அலகு வரையிலான கம்பிகளை மின்தூண்டியோடு சேர்த்து ஒரே மின்காந்தச் சிமுலேஷனில் எடுக்கிறேன். டிரான்சிஸ்டர் இணையை மின்தூண்டியின் வாயருகே வைத்து, வரிசையின் பெரிய அலகுகளை அதற்கு அடுத்து, சிறியவற்றைத் தொலைவில் வைக்கிறேன். கம்பிகளுக்குக் கீழே கவசம் தேவையா என்பதை ஒவ்வொரு இடத்திலும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உற்பத்திக்காக ஃபவுண்டரி தானாக இடும் நிரப்பு உலோகத்தை, அதை இட்ட பிறகே இறுதிப் பிரித்தெடுப்பில் சேர்க்கிறேன்.

எட்டாம் படி: இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால்

மின்தூண்டியையே மாற்றும் வழிகள் மூன்று. மின்தூண்டியின் சுருளோடு நேரடியாகச் சுவிட்ச் வைப்பது எளிது. ஆனால் அந்தச் சுவிட்சின் மின்தடை தரக்காரணியைக் கடுமையாகப் பாதிக்கும். இரண்டாவது, பக்கத்தில் ஒரு துணைச்சுருளை வைத்து அதைச் சுவிட்சால் மூடித் திறப்பது. இணைப்புக் கெழு 0.6 என்றால் மூடும்போது மின்தூண்டல் 0.64 மடங்காகி அதிர்வெண் 1.25 மடங்கு உயரும்.

மூன்றாவதே இவற்றில் அழகானது. ஒரே மாதிரியான இரண்டு ஒத்ததிர்வுச் சுற்றுகளைக் காந்தவழியாகப் பிணைத்து, அவை ஒரே கட்டத்திலோ எதிர்க் கட்டத்திலோ அலைவுறும்படி சுவிட்சுகளால் கட்டாயப்படுத்துவது. ஒரே கட்டத்தில் மின்தூண்டல் கெழுவின் அளவுக்குக் கூடும், எதிர்க் கட்டத்தில் அதே அளவுக்குக் குறையும். கெழு மூன்றில் ஒன்று எனில் இரு நிலைகளின் அதிர்வெண் விகிதம் 1.41. சுவிட்சுகள் சம மின்னழுத்தமுள்ள முனைகளையே இணைப்பதால் நிலைத்த அலைவில் அவற்றின் வழியே மின்னோட்டம் போவதில்லை. ஆகவே தரக்காரணி பாதிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு நிலையும் 1.41 மடங்குக்குச் சற்று மேல் சென்றாலே ஆக்டேவ் மூடிவிடும். வரிசைக்கான சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எந்தச் சூழலிலும் தவறான நிலையில் அலைவு தொடங்காது என்பதை எல்லா உற்பத்தி முனைகளிலும் (உற்பத்தி மாறுபாட்டின் எல்லை நிலைகளிலும்) நிறுவியாக வேண்டும் என்பதே இதன் கடினமான பகுதி.

சில்லின் பரப்பளவு இடம் கொடுத்தால், மேற்பொருந்தும் இரண்டு தனி விசிஓக்களை வைப்பதில் குறைவொன்றும் இல்லை. கால அவகாசம் குறைந்த திட்டத்தில் நான் அதையே செய்வேன்.

ஒன்பதாம் படி: அளந்து, கணக்கேட்டோடு ஒப்பிடுங்கள்

சில்லு கைக்கு வந்ததும் பிஎல்எல் வளையத்தைத் திறந்து, கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை வராக்டர் குறைந்தபட்சமாக இருக்கும் முனையில் நிறுத்தி, 128 குறியீடுகளுக்கும் அதிர்வெண்ணை அளவெடுங்கள். பதினாறால் வகுத்த வெளியீடு ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் சாதாரண அதிர்வெண் எண்ணியே போதும். பிறகு அதிர்வெண்ணை வரையாமல், அதிர்வெண் வர்க்கத்தின் தலைகீழைக் குறியீட்டுக்கு எதிரே வரையுங்கள். அது மின்தேக்குத்திறனுக்கு நேர்விகிதமானது என்பதால் நேர்கோடாக வர வேண்டும். கோட்டில் திடீர்ப் படிகள் இருந்தால் அந்தக் குறியீட்டில் அலகுகளின் பொருத்தம் பிசகியிருக்கிறது; மேல் குறியீடுகளில் கோடு மேல்நோக்கி வளைந்தால், தொலைவில் உள்ள அலகுகளின் கம்பி மின்தூண்டல் தலைகாட்டுகிறது.

கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தை அதன் சாய்வால் வகுத்துப் பாருங்கள். மின்தூண்டியின் மதிப்பு இரண்டிலும் அடிபட்டுப் போவதால், கிடைக்கும் எண் உச்சி அதிர்வெண்ணில் இருந்த மொத்தத் தேக்குத்திறன் எத்தனை அலகு என்பதை நேராகச் சொல்லும். நம் கணக்கேட்டின்படி 912-ஐ 27-ஆல் வகுக்க ஏறத்தாழ 34 வர வேண்டும். மேசையில் 38 வந்தால், 110 ஃபெம்டோஃபாரட் அளவுக்கு எங்கோ ஒரு வரி எழுதப்படாமல் இருக்கிறது. அடுத்த டேப்-அவுட்டுக்கு (வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்புவதற்கு) முன் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரிட்டு, கணக்கேட்டில் எழுதிவிடுங்கள்.